பழைய காரில் பெட்ரோல் பம்ப் பழுதானால்: எதைச் சோதிப்பது, எதை மாற்றுவது

செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரியில் குறையில்லை, டேங்கில் பெட்ரோலும் இருக்கிறது. ஆனாலும் வண்டி பிடிக்க மறுக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளைக் கடந்த ஒரு கார் இப்படி நின்றுவிட்டால், விவரம் தெரிந்தவர் முதலில் சொல்வது பெரும்பாலும் ‘பம்ப் போயிருக்கும்’ என்பதாகத்தான் இருக்கும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி உடனே புதுப் பம்ப் வாங்குகிறவர், தம்மை அறியாமலேயே மூன்று முடிவுகளை ஒன்றாக எடுத்துவிடுகிறார்: பழுது பம்பில்தான் இருக்கிறது என்பது ஒன்று, அதற்குப் பதிலாக எந்த வகைப் பம்பைப் பொருத்துவது என்பது மற்றொன்று, அந்த வேலையை யார் செய்வது என்பது மூன்றாவது. இவற்றைத் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்பதும், பழைய பம்ப் எந்தக் காரணத்தால் பழுதானதோ அந்தக் காரணமே புதியதைத் தேர்ந்தெடுக்க வழிகாட்ட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

வண்டியில் இருப்பது எவ்வகைப் பம்ப் என்பதை முதலில் அறிய வேண்டும். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய கார்களில் பம்ப் இன்ஜினின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். கேம்ஷாஃப்டில் உள்ள ஒரு மேடு அதன் நெம்புகோலைத் தள்ளத் தள்ள, உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற நெகிழும் சவ்வு ஏறி இறங்கி, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளும். அது தரும் அழுத்தம் சுமார் 0.2 முதல் 0.4 பார் வரைதான் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும்) முறைக்கு வந்த கார்களில் மின்சாரப் பம்ப் இருக்கும். பெரும்பாலும் அது டேங்குக்குள்ளேயே மூழ்கி, 2.5 முதல் 3.5 பார் வரை அழுத்தம் தரும். 1973-இல் அறிமுகமான போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் முறையில் இது ஏறத்தாழ 5 பார் வரை போகும்; பின்னாளில் வந்த சில ஒற்றை இன்ஜெக்டர் முறைகளிலோ 1 பார் அளவே போதும். ஆகவே ‘நல்ல அழுத்தம்’ என்று பொதுவாக ஓர் எண் கிடையாது. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுவே அளவுகோல். கீழே சொல்லப்படும் சோதனைகள் எல்லாவற்றையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

சோதனைகளில் எது எவ்வளவு சொல்லும்

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடியது காதால் கேட்பது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், பல இன்ஜெக்‌ஷன் கார்களில் கணினி பம்பைச் சுமார் 2 விநாடிகள் ஓட்டி அழுத்தத்தை ஏற்றும். பின் இருக்கைக்குக் கீழே காதை வைத்தாலோ, டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஒருவர் கேட்க இன்னொருவர் சாவியைத் திருப்பினாலோ மெல்லிய ரீங்காரம் கேட்கும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதன் தீர்ப்பை இரு புறமும் எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். ஒலி கேட்டது என்பதற்காகப் பம்ப் நலமாக இருக்கிறது என்று ஆகாது. டேங்குக்குள் பம்பையும் வெளிக்குழாயையும் இணைக்கும் சிறிய ரப்பர் குழாய் வெடித்திருந்தால், பம்ப் கம்பீரமாக ஓடும். அது தள்ளும் பெட்ரோல் முழுதும் டேங்குக்குள்ளேயே திரும்பக் கொட்டிக்கொண்டிருக்கும். அதுபோலவே, ஒலி இல்லை என்பதற்காகப் பம்ப் செத்துவிட்டது என்றும் ஆகாது. ஃபியூஸ், ரிலே (பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்), வயர், எர்த், விபத்தின்போது பெட்ரோலை நிறுத்துவதற்காகச் சில கார்களில் வைக்கப்படும் இனெர்ஷியா சுவிட்ச் ஆகியவற்றில் எது போனாலும் அதே மௌனம்தான் இருக்கும். அந்த சுவிட்ச் ஒரு பலமான குலுக்கலில்கூட விழுந்துவிடும். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் வண்டி உயிர்பெறும். போஷின் எல்-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்‌ஷன் முறை உள்ள பழைய கார்கள் பலவற்றில், காற்று அளவியின் மடல் திறந்தால்தான் பம்புக்கு மின்சாரம் போகும். அவற்றில் சாவியைத் திருப்பியதும் ஒலி கேட்காததே இயல்பு. கிராங்க் சென்சார் பழுதான காரில், இன்ஜின் சுற்றுவதே கணினிக்குத் தெரியாததால், அது முதல் 2 விநாடிகளுக்குப் பிறகு பம்பையும் நிறுத்திவிடும், ஸ்பார்க்கையும் தராது. ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்க்காமல் பம்பை மாற்றியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டேங்கின் அடிப்பகுதியை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வது இன்னொரு பழைய முறை. தட்டியதும் வண்டி பிடித்துக்கொண்டால், பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது என்பதற்கு அது வலுவான சாட்சி. பிடிக்கவில்லை என்றால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. தட்டி எழுப்பிய பம்பை நம்பி நீண்ட பயணம் போவது கூடாது; வண்டியைப் பழுதுபார்க்கும் இடம்வரை கொண்டுசேர்க்க மட்டும் அந்த உயிர் போதும்.

அடுத்தது மின்சாரத்தைச் சோதிப்பது. பழைய கார்களைப் பொறுத்தவரை நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். ஃபியூஸையும் ரிலேயையும் பார்ப்பது எளிது. அதே எண்ணும் அதே கால்களும் உள்ள ஹார்ன் ரிலே பக்கத்தில் இருந்தால், இடம் மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். சில பழைய கார்களின் பம்ப் ரிலேக்குள் ஈய இணைப்புகளில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். வண்டி வெயிலில் நின்று உள்ளே சூடேறியதும் இணைப்பு விட்டுப்போய், குளிர்ந்த பிறகு தானே சரியாகிவிடும். மாலையில் ஒழுங்காக ஓடி மதியத்தில் மட்டும் அடம்பிடிக்கும் கார் என்றால், பம்பைக் குறைசொல்வதற்கு முன் ரிலேயைத் திறந்து ஒரு பூதக்கண்ணாடியால் பார்ப்பது நல்லது.

அதற்கடுத்து பம்பின் கனெக்டரில் வோல்ட் அளப்பது வருகிறது. மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் காட்டியதும் ‘மின்சாரம் வருகிறது, ஆகவே பம்ப்தான் போய்விட்டது’ என்று முடிவுகட்டுவது மிகப் பரவலான தவறு. மல்டிமீட்டர் ஏறக்குறைய எந்த மின்னோட்டத்தையும் இழுப்பதில்லை. ஆகவே நூறு இழைகளில் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் வயரிலும், துருவேறிய இணைப்பிலும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டும். பம்புக்கோ பொதுவாக 4 முதல் 8 ஆம்பியர் வரை வேண்டும். அந்தச் சுமையை ஏற்றும்போதுதான் துருவின் குணம் வெளிப்படும். எனவே பம்ப் கனெக்டரோடு இணைந்து ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே, பின்பக்கமாக முனையைச் செருகி அளக்க வேண்டும். பம்பே சுற்றவில்லை என்றால், அதன் இடத்தில் 21 வாட் பல்ப் ஒன்றை இணைத்துப் பார்க்கலாம். பல்ப் பிரகாசமாக எரிந்தால் வயரில் பெரிய கோளாறு இல்லை. மங்கலாக எரிந்தால் குறை வயரிலோ இணைப்பிலோ இருக்கிறது; அதைச் சரிசெய்யும்வரை பம்பைக் குறைசொல்ல முடியாது. பேட்டரியின் நேர்முனைக்கும் பம்பின் நேர்முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் இழப்பு, பம்பின் எர்த்துக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் இழப்பு என்று தனித்தனியாக அளந்து, எந்தப் பக்கத்திலாவது அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் பழைய காரில் மேடேறும்போது இழுவை குறைந்து, இன்ஜின் திணறிக்கொண்டிருந்தது. அழுத்தம் குறைவு என்று கண்டதும் பம்பை மாற்றினேன். புதுப் பம்ப் போட்டு நான்கு மாதங்களில் அதே திணறல் திரும்ப வந்தது. டிக்கியின் தரைவிரிப்புக்கு அடியில், பம்பின் எர்த் வயரைப் பாடியோடு பிணைத்திருந்த திருகின் கீழே துரு கட்டியிருந்ததைக் கண்டறிய அப்போதுதான் தோன்றியது. ஓடும்போது பம்புக்குக் கிடைத்தது 10 வோல்ட்டுக்கும் குறைவு. வோல்ட் குறைந்தால் பம்பின் வேகமும், அது தள்ளும் பெட்ரோலின் அளவும் சேர்ந்து குறைகின்றன. துருவைச் சுரண்டி, திருகை மாற்றியதும் வண்டி சீரானது. முதலில் கழற்றிய பம்ப் உண்மையில் பழுதானதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சோதனையைச் செய்யாமல் கழற்றியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

சோதனைகளிலேயே மிகத் தெளிவாகப் பேசக்கூடியது அழுத்தமானி. இன்ஜெக்டர் குழாயில் சோதனை வால்வு இருந்தால் அதில் நேராகப் பொருத்தலாம். இல்லையென்றால் ஃபில்டருக்குப் பிந்தைய இணைப்பில் ஒரு ‘டி’ வைத்துப் பொருத்த வேண்டும். இந்த ஒரு கருவியிலிருந்து ஐந்தாறு செய்திகள் கிடைக்கின்றன. சாவியைத் திருப்பியும் முள் நகரவே இல்லை என்றால் பம்ப் ஓடவில்லை, அல்லது உள்குழாய் வெடித்திருக்கிறது. முள் பாதிதான் ஏறுகிறது என்றால், பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது மிகுதிப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அழுத்தத்தை நிலையாக வைக்கும் அழுத்தச் சீராக்கி அதைக் கட்டுமீறித் திருப்பி விட்டுக்கொண்டிருக்கலாம். அந்த மிகுதியை டேங்குக்குக் கொண்டுபோகும் திரும்பும் குழாய் உள்ள முறைகளில், அந்தக் குழாயின் ரப்பர்ப் பகுதியை ஒரு விநாடி மட்டும் மென்மையாக அழுத்திப் பிடித்தால் சந்தேகம் தீரும்: முள் சட்டென்று மேலேறினால் பம்புக்குத் தெம்பு இருக்கிறது, குறை சீராக்கியில், ஏறாவிட்டால் குறை பம்பிலோ, பம்பிலிருந்து மானிவரை உள்ள அடைப்பிலோ இருக்கிறது. முதுமையால் வெடித்துப்போன ரப்பர்க் குழாயில் இதைச் செய்யக் கூடாது. குழாயை முதலில் மாற்ற வேண்டும். சீராக்கியில் பொருத்தியிருக்கும் வெற்றிடக் குழாயைக் கழற்றினால் அழுத்தம் சுமார் அரை பார் உயர வேண்டும். அந்தக் குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் சீராக்கியின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று பொருள்.

இன்ஜினை நிறுத்திய பிறகும் மானியைக் கழற்றாமல் சிறிது நேரம் பார்ப்பது பயனுள்ளது. அழுத்தம் சில விநாடிகளில் பூஜ்யத்துக்கு இறங்கினால், பம்பில் உள்ள ஒருவழி வால்வோ, சீராக்கியோ, ஏதேனும் ஓர் இன்ஜெக்டரோ கசிகிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும், பிறகு நாள் முழுதும் ஒழுங்காக ஓடும் என்ற குறைக்கு இதுவே வழக்கமான காரணம். அந்தக் குறைக்காக மட்டும் பம்பை மாற்றுவது அவசரம் இல்லாத வேலை. சாவியை இரண்டு மூன்று முறை ‘ஆன்’ செய்து அணைத்து, அழுத்தம் ஏறிய பிறகு செல்ஃப் அடித்தால் பல மாதங்கள் ஓட்டலாம்.

நின்ற நிலையில் அழுத்தம் சரியாக இருந்து, வேகமெடுக்கும்போது மட்டும் இன்ஜின் திணறினால், அழுத்தத்தோடு அளவையும் பார்க்க வேண்டும். திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, 30 விநாடிகளில் எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்று அளப்பது அந்தச் சோதனை. பல சாதாரண கார்களில் அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். அழுத்தம் இருந்தும் அளவு குறைந்தால் ஃபில்டரையும், பம்பின் வாயில் இருக்கும் வலையையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மின்னோட்டக் கவ்வியும் ஆஸிலோஸ்கோப்பும் வைத்திருக்கும் பணிமனைகளில், டேங்கைத் தொடாமலேயே பம்பின் மின்னோட்ட அலையைப் பார்த்து, கம்யூட்டேட்டரின் (மோட்டாரில் பிரஷ் உரசும் வளையம்) எந்தத் துண்டு தேய்ந்தது என்பதுவரை சொல்லிவிடுவார்கள். டேங்கை இறக்க வேண்டிய மாடலாக இருந்தால் இந்தச் சோதனைக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

கார்புரேட்டர் காரில் வேலை எளிது. காயிலின் வயரைக் கழற்றி ஸ்பார்க்கை நிறுத்திவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடித்தால், பெட்ரோல் துடிப்புத் துடிப்பாகப் பலமாக வர வேண்டும். வராவிட்டால், உறிஞ்சும் பக்கத்து ரப்பர்க் குழாயில் விரிசல் வழியே காற்று இழுக்கிறதா என்று பார்த்த பிறகே பம்பைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் குச்சியை முகர்ந்து பார்ப்பதை ஒருபோதும் விடக் கூடாது. டயாஃப்ரம் கிழிந்த பம்ப் பெட்ரோலை இன்ஜின் ஆயிலுக்குள் விட்டுவிடும். ஆயில் மட்டம் ஏறியும், பெட்ரோல் வாடை அடித்தும் இருந்தால், ஆயிலை மாற்றாமல் இன்ஜினை ஓட்டுவது பேரிங்குகளைக் கொல்லும். கடும் வெப்பத்தில் மட்டும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியில் பம்ப் நன்றாகவே இருக்கலாம். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் வண்டி பிடித்தால் அது உறுதி.

எதனால் பழுதானது என்பதே தேர்வுக்கு வழி

பம்ப் உண்மையில் செத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, கழற்றிய பழைய பம்பை உடனே தூக்கி எறியாமல் அதன் வாயில் இருக்கும் வலையைப் பார்க்க வேண்டும். வலை சுத்தமாக இருந்தால், பிரஷ் தேய்ந்து, ஆயுள் முடிந்த இயற்கையான முடிவு அது. செம்மண் நிறத்தில் துருத்தூள் அப்பியிருந்தால் டேங்க் உள்ளே அரிக்கப்படுகிறது. அதில் எவ்வளவு உயர்ந்த பம்பைப் போட்டாலும் அதே கதி நேரும். பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தால் வண்டி நெடுங்காலம் ஓடாமல் நின்று பெட்ரோல் கெட்டிருக்கிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் உருகிக் கருகியிருந்தால், இணைப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. புதுப் பம்போடு புது கனெக்டர் துண்டும் வயரும் போடாமல் விட்டால் அது மறுபடி உருகும். டேங்குக்குள் மூழ்கிய பம்பைக் குளிர்விப்பதும் வழுக்கலாக வைப்பதும் அதன் வழியே ஓடும் பெட்ரோல்தான். ஆகவே எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் கடைசிச் சொட்டுவரை ஓட்டும் பழக்கம் உள்ள வண்டியில் பம்ப் சீக்கிரம் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எத்தனால் கலந்த எரிபொருளுக்காக வடிவமைக்கப்படாத பழைய ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் ஊறி உப்பியிருந்தால், அதைத் தாங்கும் பொருளால் ஆன பாகங்களையே கேட்டு வாங்க வேண்டும்.

நான்கு வழிகள்

முதல் வழி முழு மாட்யூல்: பம்ப், வலை, பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை, கூடை, மேல்மூடி எல்லாம் சேர்ந்த ஒரே தொகுதி. வேலை சுருக்கமாக முடியும். பழைய பிளாஸ்டிக்கின் கொக்கிகள் உடையுமோ என்ற கவலை இல்லை. மேல்மூடி விரிசல் விட்டிருந்தாலோ, மிதவை வேலை செய்யாமல் பெட்ரோல் முள் பொய் சொன்னாலோ, சீராக்கியே மாட்யூலுக்குள் இருக்கும் திரும்பும் குழாயற்ற முறையாக இருந்தாலோ இதுவே சரியான தேர்வு. ஆனால் பழைய மாடல்களுக்கு அசல் மாட்யூல் கிடைப்பது அரிதாகிவிட்டது. மலிவான மாற்று மாட்யூல்களில் மிதவையின் மின்தடை அளவு பொருந்தாமல், பாதி டேங்கில் முள் கால் டேங்க் காட்டும் தொல்லை அடிக்கடி ஏற்படுகிறது. மேல்மூடியின் குழாய் கோணம் சற்று மாறியிருந்தாலும் பழைய குழாய் இழுபட்டு நிற்கும்.

இரண்டாவது வழி பழைய மாட்யூலுக்குள் பம்பை மட்டும் மாற்றுவது. உடல் நன்றாக இருந்து, பம்ப் மட்டும் தேய்ந்திருந்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் பெட்ரோலில் ஊறியும் உடையாத அசல் மாட்யூலின் தரத்தை, இன்று கிடைக்கும் பெயர் தெரியாத முழு மாட்யூல் எட்டுவது கடினம். செலவும் பெரும்பாலும் குறைவு. மிச்சமாகும் பணத்தில் பெயர்பெற்ற உற்பத்தியாளரின் பம்பை வாங்க முடியும். இதற்கு வேண்டியது பொறுமை. புதுப் பம்பின் அழுத்தமும் ஓட்ட அளவும் பழையதற்கு இணையாக இருக்க வேண்டும்; ‘அதிகம் தந்தால் நல்லதுதானே’ என்று பெரிய பம்பைப் போட்டால் சீராக்கியால் மிகுதியைத் திருப்பி விட முடியாமல் அழுத்தம் ஏறி, கலவை கெட்டு, பெட்ரோல் செலவு கூடும். வலையைப் புதிதாகப் போட வேண்டும். உள்ளே இருக்கும் சிறு குழாய்க்கு, பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே தயாரான எஸ்.ஏ.இ. ஜே30ஆர்10 தரக் குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும். வெளியில் பயன்படும் சாதாரண பெட்ரோல் குழாய், உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். அதை டேங்குக்குள் மூழ்கவிட்டால் வெளிப்பூச்சு கரைந்து, சில மாதங்களில் குழாய் மாவாகிவிடும். நன்றாக முடித்த வேலை இந்தச் சாண் நீளக் குழாயால் வீணாவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி உடைத்த காரிலிருந்து கழற்றிய பழைய பம்ப். அதன் வயதும் உங்கள் பம்பின் வயதும் ஒன்றுதான். காய்ந்த டேங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருந்தால் உள்ளே பிசின் இறுகியிருக்கும். டேங்கை இறக்க வேண்டிய காருக்கு இதைப் போட்டால், அதே வேலையை இரண்டாம் முறை செய்யத் தயாராக இருக்க வேண்டும். ஆயினும் ஒரு சூழலில் இது மிகவும் பயன்படும்: புது மாட்யூல் கிடைக்காத மாடலில் உங்கள் மாட்யூலின் மூடி உடைந்திருந்தால், பழைய மாட்யூலை அதன் உடலுக்காகவும் மிதவைக்காகவும் மட்டும் வாங்கி, அதற்குள் புதுப் பம்பைப் பொருத்தலாம்.

நான்காவது வழி, டேங்குக்குள் செத்த பம்பை அப்படியே விட்டுவிட்டு, காருக்கு அடியில் பொதுவகைப் பம்ப் ஒன்றை வெளியே பொருத்துவது. டேங்கை இறக்கும் கூலி மிச்சம் என்று இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. நான் இதை ஏற்பதில்லை. மின்சாரப் பம்புகளுக்குத் தள்ளுவது எளிது, உறிஞ்சுவது கடினம். செத்த பம்பின் வழியே உறிஞ்சும்போது உள்வாயில் அழுத்தம் குறைந்து, சூடான பெட்ரோல் அங்கேயே கொதித்துக் குமிழாகிவிடும். வெப்பக் காலத்தில் வண்டி நடுவழியில் நிற்கும். வறண்டு ஓடும் புதுப் பம்பும் விரைவில் போகும். வெளிப் பம்ப் அசலாகவே வடிவமைக்கப்பட்ட கார்கள் வேறு. உதாரணமாக வோல்வோ 240 காரின் இன்ஜெக்‌ஷன் மாடல்களில் டேங்குக்குள் ஒரு சிறிய முன்பம்பும், காருக்கு அடியில் முதன்மைப் பம்பும் உண்டு. அவற்றில் வெளிப் பம்ப் திடீரென்று இரைச்சல் போடத் தொடங்கினால், உண்மையில் செத்திருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் முன்பம்ப். அதைக் கவனிக்காமல் வெளிப் பம்பை மட்டும் மாற்றினால் புதியதும் பட்டினியால் சாகும்.

கார்புரேட்டர் கார்களில் தேர்வு வேறுவிதமானது. திருகுகளால் பிரிக்கக்கூடிய பழைய பம்பாக இருந்தால், டயாஃப்ரமும் வால்வுகளும் கொண்ட ரிப்பேர் கிட்டைப் போட்டு அதையே புதுப்பிப்பது நல்ல வழி. பிரிக்க முடியாத வகைக்குப் புது மெக்கானிக்கல் பம்ப். பலர் விரும்பும் மூன்றாவது தேர்வு, குறைந்த அழுத்த மின்சாரப் பம்புக்கு மாறுவது. நாள்கணக்கில் நின்ற காரை உடனே எழுப்ப இது உதவும் என்பது உண்மை. ஆனால் இன்ஜெக்‌ஷன் பம்பைப் போட்டால் அதன் அழுத்தம் கார்புரேட்டரின் ஊசி வால்வைத் தள்ளித் திறந்து, பெட்ரோல் சூடான மேனிஃபோல்டின் மேல் வழியும். குறைந்த அழுத்தப் பம்பானாலும், டேங்குக்கு அருகில், அதன் மட்டத்துக்குக் கீழே பொருத்த வேண்டும். இன்ஜின் நின்றாலோ விபத்து நேர்ந்தாலோ பம்பும் நிற்கும்படி ஆயில் அழுத்த சுவிட்சோ இனெர்ஷியா சுவிட்சோ வைத்தே இணைக்க வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினோடு நின்றுவிடும். சாவியோடு நேராக இணைத்த மின்சாரப் பம்ப், விபத்தில் குழாய் அறுந்த பிறகும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு பாதுகாப்பைச் செய்ய மனமில்லாதவர் மெக்கானிக்கல் பம்போடு இருப்பதே நல்லது.

யார் கையால்

பின் இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ மூடி இருந்து, அதைத் திறந்தால் மாட்யூல் தெரியும் கார்களில், கைத்திறன் உள்ளவர் இரண்டு மூன்று மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாம். டேங்கை இறக்க வேண்டிய காரை, லிஃப்ட் உள்ள பணிமனையிடம் விட்டுவிடுவதே என் ஆலோசனை. 50 லிட்டர் பெட்ரோல் மட்டும் 37 கிலோ எடை இருக்கும். ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கும் காருக்கு அடியில், முதுகு தரையில் படப் படுத்துக்கொண்டு, உள்ளே அலைபாயும் அந்த எடையை மார்பின் மேல் இறக்குவது தனி ஆளுக்கு ஏற்ற வேலை இல்லை. மூடி இல்லாத காரின் தரைத் தகட்டை வெட்டிக் குறுக்குவழி திறப்பவர்களும் உண்டு. பெட்ரோல் ஆவிக்கு மேலே தகட்டை அறுப்பதன் ஆபத்தை எந்தக் கூலி மிச்சமும் ஈடுசெய்யாது.

சொந்தமாகச் செய்பவர், பெட்ரோல் மைனஸ் 43 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் ஆவியைக் கக்கும் பொருள் என்பதையும், காற்றில் அந்த ஆவி ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் கலந்தாலே பொறிபட்டு வெடிக்கும் என்பதையும் மனத்தில் இருத்த வேண்டும். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தொலைவில் எரியும் சுடரைத் தேடிச் செல்லும். எனவே திறந்தவெளியில், டேங்க் கால்வாசிக்கும் குறைவாக இருக்கும்போது தொடங்க வேண்டும். பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஜினைத் தானே அணையும்வரை ஓட்டி, ஓடாவிட்டால் சில விநாடிகள் செல்ஃப் அடித்து, குழாயில் உள்ள அழுத்தத்தை இறக்கிய பிறகு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். சூடாகும் பல்ப் விளக்கு கூடாது. பூட்டு வளையத்தைத் தட்டிக் கழற்றப் பித்தளை உளியே வேண்டும். திரவத் தீக்கு ஏற்ற அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்து எடுக்காவிட்டால் அது அத்தனையும் டேங்குக்குள் விழும். வாங்கிய புதுப் பம்பை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று வெறுங்காற்றில் பேட்டரியில் கொடுத்துப் பார்ப்பது கூடாது. பெட்ரோல் இல்லாமல் ஓடினால் உள்ளே உரசல் ஏற்படும், பொறியும் பறக்கலாம்.

பழைய சீல் வளையம் கழற்றியதும் உப்பி, பள்ளத்துக்குள் திரும்ப அமராது. புதியது கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. டேங்கில் துரு இருந்தால் கழுவாமல் மூடக் கூடாது. ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எல்லாம் பொருத்தி, செல்ஃப் அடிப்பதற்கு முன் சாவியைச் சில முறை ‘ஆன்’ செய்து அழுத்தத்தை ஏற்றி, இணைப்புகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவி ஈரம் பார்க்க வேண்டும். அதோடு வேலை முடிந்ததாக நினைத்து இருக்கையை உடனே திரும்ப மாட்டிவிட வேண்டாம். டேங்கின் மேல்மூடியில் உள்ள கசிவு, கால் டேங்கில் தெரியாது. டேங்கை முழுதாக நிரப்பி, வளைவுகளிலும் மேட்டிலும் ஒருமுறை ஓட்டி வந்து, அந்த வளையத்தைச் சுற்றி மீண்டும் விரல் வைத்துப் பார்த்த பிறகே இருக்கையை மாட்ட வேண்டும்.